பவுலின் திறந்து வைத்த அலமாரி

பவுலினுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பத்தொரு வருடம் ஒரே கல்லூரியின் நூலகத்தில் கழிந்தது. ஜோகுபாளையத்தில் பிறந்து, ஜோகுபாளையத்திலேயே வாழ்க்கைப்பட்டு, காலைப் பூசை முடிந்த கையோடு மாதா கோயிலிலிருந்து நேரே கல்லூரிக்கு நடந்து போகிறவள். சேரும்போது புத்தகம் அடுக்கும் வேலை. பிறகு தபால் வழியில் நூலகப் படிப்பை முடித்து உதவியாளர் ஆனாள். நூலகர் நாற்காலி பதினாறு வருடமாகக் காலி. அதன் பொறுப்பை யாராவது ஒரு பேராசிரியர் பெயருக்கு வைத்திருப்பார். கையெழுத்து அவருடையது, வேலை பவுலினுடையது. இதில் அவளுக்கு வருத்தம் இல்லையா என்றால், உண்டு. ஆனால் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தால் புத்தகங்கள் தாமாக ஏறி அடுக்கில் உட்கார்ந்துகொள்ளுமா?

எட்டு வருடத்துக்கு முன்னால் நூலகப் பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி ஒன்று நடந்தது. போக வேறு ஆள் இல்லாததால் பவுலினை அனுப்பினார்கள். அங்கேதான் ஓபன் ஆக்சஸ், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கும்படி வெளியிடுவது, அவள் காதில் விழுந்தது. ஆராய்ச்சி செய்கிறவர் கட்டுரையை எழுதி ஆய்விதழுக்குச் சும்மா கொடுக்கிறார். இதழ் நடத்துகிறவர் அதைப் பூட்டி வைத்து, படிக்க வருகிறவரிடம் காசு கேட்கிறார். பூட்டில்லாமல் வெளியிட வேண்டுமானால் வழி இருக்கிறது. ஒரு பெருந்தொகையைக் கட்டி இதழையே பூட்டை எடுக்கச் சொல்லலாம். அதற்குத் தங்க வழி என்று பெயர். எழுதுகிறவரிடமும் படிக்கிறவரிடமும் காசு வாங்காத இதழ்களும் உலகத்தில் உண்டு, தேடிப் பிடித்து அங்கே கொடுக்கலாம். அது வைர வழி. இல்லையென்றால், பூட்டுள்ள இதழிலேயே வெளியிட்டுவிட்டு, தன் கைப்பிரதியை மட்டும் தன் கல்லூரியின் இணைய அலமாரியில் எல்லோரும் படிக்கும்படி வைக்கலாம். அது பச்சை வழி.

திரும்பி வந்து இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது இயற்பியல்காரர் ஒருவர், கமர்ஷியல் தெருவில் நகைக்கடை ஏதாவது வைக்கப் போகிறாளா என்று கேட்டார். அறையே சிரித்தது. பவுலினும் சிரித்தாள், சிரித்துவிட்டு யோசித்தாள். ஒரு கட்டுரைக்கு அவர்கள் கேட்கிற தங்கத் தொகை அவளுடைய ஒரு வருடச் சம்பளத்தைவிடப் பெரியது. வைரத்துக்கு ஆசிரியர்கள் மசியவில்லை. பேர் தெரிந்த இதழ்தான் வேண்டும் என்றார்கள். பச்சைக்கு ஒரு கணினியும் ஒருத்தியின் பொறுமையும் போதும். யாரையும் கேட்காமல் ஆரம்பித்தாள். எட்டு வருடத்தில் அந்த அலமாரியில் இருநூற்று முப்பது கட்டுரைகள் சேர்ந்தன.

தவறும் அங்கேயேதான் நடந்தது. கைப்பிரதி என்பது பார்க்க லட்சணமாக இருக்காது. வரிக்கு வரி இடைவெளி விட்டு, படங்களையெல்லாம் கடைசியில் தள்ளி, இதழின் பெயரோ முத்திரையோ இல்லாமல் மொட்டையாக இருக்கும். இஸ்திரி போடாத சட்டையோடு கல்யாணத்துக்குப் போகச் சொன்னால் எப்படிக் கூசுவார்களோ அப்படிக் கூசினார்கள் ஆசிரியர்கள். அப்போது தாவரவியல் துறைத் தலைவராக இருந்த கோவிந்தப்பா, இது மாணவன் எழுதின ரெகார்டு நோட்டு மாதிரி இருக்கிறது, அச்சான பக்கத்தையே போடு என்று முகத்துக்கு நேரே சொன்னார். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பவுலின் இரண்டு முறை மறுத்துப் பார்த்தாள். மூன்றாம் முறை, பெரியவர்கள் சொல்கிறார்களே என்று, சில கட்டுரைகளின் கைப்பிரதியை அழித்துவிட்டு, இதழின் பெயர் பளபளக்கும் அச்சுப் பக்கங்களைப் போட்டாள். அப்படிப் போட்டவை நாற்பத்தொன்று.

இந்த வருடம் ஜூன் மாதம் கடிதம் வந்தது. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று கல்லூரி முதல்வருக்கு எழுதியிருந்தது. நாற்பத்தொரு கட்டுரைகளின் பட்டியலைக் கொடுத்து, அந்த அச்சுப் பக்கங்கள் எங்கள் சொத்து, பத்து நாளில் எடுக்காவிட்டால் வழக்கறிஞர் பேசுவார் என்றது. இப்போது முதல்வர் கோவிந்தப்பாவேதான். வழக்கறிஞர் என்ற சொல்லைப் பார்த்ததும் மனிதருக்கு வெலவெலத்துவிட்டது. பவுலினைக் கூப்பிட்டு, ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டாய் என்றார். மொத்த அலமாரியையும் மூடிவிடுவது என்று அடுத்த வெள்ளிக்கிழமை ஆசிரியர் மன்றத்தில் தீர்மானம் போட்டுவிடலாம் என்றார். அச்சுப் பக்கத்தைப் போடச் சொன்ன வாய் எது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

பவுலின் ஞாபகப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. யார் சொன்னாலும், போடக்கூடாததைப் போட்டது தன் கைதானே என்று அவள் நினைத்தாள். அன்றைக்கே நாற்பத்தொன்றையும் இறக்கினாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் மற்றவற்றைத் தொட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மன்றம் கூட எப்படியும் ஒன்பது நாள் இருந்ததால் அவரும் சரி என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதாள். அவள் கணவன் யூஜின் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கம்பெனி கேப் ஓட்டுகிறவன். அழுகை அடங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டான்.

"தப்பான சரக்கை எடுத்தாச்சு இல்ல? அப்புறம் கடையை ஏன் மூடணும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பவுலின் மறுநாள் பதிப்பகத்தின் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டாள். கட்டுரையை ஏற்றுக்கொண்டதும் எழுதியவர் ஒரு ஒப்பந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார். அதை யாரும் படிப்பதில்லை. கட்டுரை வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் பேனா தானாக ஓடிவிடும். பவுலின் படித்தாள். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு காலைப்பொழுது படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது அவளுக்கு வேண்டியது. அச்சுப் பக்கம்தான் பதிப்பகத்துடையது. இதழின் நடுவர்கள் பார்த்து, திருத்தச் சொல்லி, கடைசியாக ஏற்றுக்கொண்ட கைப்பிரதியை, வெளியாகி ஒரு வருடம் ஆனபின் எழுதியவர் தன் கல்லூரி அலமாரியில் தாராளமாக வைக்கலாம். எந்த மொட்டைப் பிரதியைப் பார்த்து எல்லோரும் கூசினார்களோ, அதற்குத்தான் அனுமதி இருந்தது. பவுலினுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதில் பாதி தன் மேலேயே.

பாக்கி ஏழு நாள். ஆசிரியர்களைத் தேடித்தேடிப் போய்க் கடைசிக் கைப்பிரதியைக் கேட்டாள். அதெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள் என்று கையை விரித்தார்கள். கட்டுரையை அனுப்பிய இதழின் தளத்தில் உங்கள் பழைய கணக்கு இருக்கும், அதற்குள் போய்ப் பாருங்கள் என்றாள். இல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டோம் என்று வந்த மின்னஞ்சலுக்கு முன்னால் நீங்கள் அனுப்பிய கடைசி இணைப்பைப் பாருங்கள் என்றாள். பார்த்தால் இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். மூன்றாம் நாள் முடிவில் நாற்பது வந்து சேர்ந்துவிட்டன.

வந்ததை அப்படியே தூக்கி வைக்கிறவள் அல்ல பவுலின். ஒவ்வொன்றும் கடைசிப் பிரதிதானா என்று தெரிய வேண்டும். மாலையில் சாப்பாட்டு மேசையில் அச்சான பக்கத்தை யூஜின் கையில் கொடுத்துவிட்டு, கைப்பிரதியை அவள் வரிவரியாக வாசிப்பாள். மாறினால் யூஜின் நிறுத்துவான். பி.யு.சி.யோடு படிப்பை முடித்தவன் முதல் நாள் முனகினான். மூன்றாம் நாள், இந்த வேதியியல்காரர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று குற்றம் கண்டுபிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டான்.

நாற்பத்தொன்றாவது கட்டுரை நாகேஷ் எழுதியது. ஆறு வருடத்துக்கு முன் கோவிந்தப்பாவிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்தவன். அல்சூரில் தெருவோரம் பூ விற்கிறவர்களிடம் மூன்று மாதம் தினமும் மல்லிகை மொக்கு வாங்கி, எப்படி வைத்தால் சீக்கிரம் வாடாது என்று பார்த்து எழுதினான். பிறகு ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். போனதும் அவனுடைய கல்லூரி மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். அதனால் பவுலின் நேரிலேயே கிளம்பினாள். மதியம் ஆள் ஏற்றப் போகிற யூஜினின் காலி வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து, மேம்பாலம் ஏறி, எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கினாள்.

நாகேஷ் அவளைப் பார்த்ததும் பூரித்துப் போனான். காபி வாங்கிக் கொடுத்தான். பக்கத்து நாற்காலிக்காரரிடம் தன் கட்டுரையைக் காட்ட ஆசைப்பட்டுப் போனில் தேடினான். இதழின் பக்கம் வந்தது, தலைப்பு வந்தது, அவன் பெயரும் வந்தது. அதற்குக் கீழே ஒரு பூட்டும், டாலரில் ஒரு விலையும் வந்தன.

"என்ன மேடம் இது, என் பேப்பருக்கு என்கிட்டயே காசு கேக்குது. காலேஜ்ல இருந்தப்ப சும்மாதானே ஓபன் ஆச்சு?"

பவுலினுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்லூரி வருடா வருடம் சந்தா கட்டுகிறது. அதனால் கல்லூரி இணையத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு எல்லாமே தானாகத் திறந்துகொள்கிறது. உள்ளே இருக்கிற ஒருவர்கூடப் பூட்டைப் பார்த்ததே இல்லை. தாங்கள் எழுதினதை உலகமே படித்துக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சியில் பாடமாகக் கேட்டிருந்தாலும், அவளும் அந்தப் பூட்டைக் கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான். காபி ஆறிப்போனது.

நாகேஷ் அன்றிரவே பழைய மடிக்கணினியில் தேடி ஒரு பிரதியை அனுப்பினான். மறுநாள் மாலை மேசையில் வாசிக்கும்போது யூஜின் கையைத் தூக்கினான். ஈரத்துணியில் சுற்றி மண்சட்டியில் வைத்த மல்லிகை நாற்பத்தொரு மணி நேரம் தாங்கும் என்று பவுலின் வாசித்தாள். அச்சில் முப்பத்தொன்று என்று இருந்தது. நாகேஷுக்குப் போன் போட்டாள். அவன் யோசித்துப் பார்த்துச் சொன்னான்: முதலில் எழுதினது குளிர்காலக் கணக்கு, நடுவர்கள் கோடையிலும் செய்து பார்க்கச் சொன்னார்கள், செய்தபோது பத்து மணி நேரம் குறைந்தது. அப்படியானால் அவன் அனுப்பியது திருத்துவதற்கு முந்தைய பிரதி. அதை வைத்திருந்தால் அலமாரியில் ஒரு தப்புக் கணக்கு ஏறியிருக்கும், பதிப்பகத்துக்கும் பேச இடம் கிடைத்திருக்கும். நாகேஷ் மறுபடி தோண்டிச் சரியானதை அனுப்பினான். யூஜின் இரண்டு நாள் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

நாற்பத்தொன்றில் இரண்டுக்கு இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அவற்றுக்குத் திறக்கும் தேதியைக் குறித்து மூடி வைத்தாள். மற்ற முப்பத்தொன்பதின் முகப்பிலும், இது எழுதியவரின் பிரதி, அச்சானது இன்ன இதழில் இருக்கிறது என்று எழுதி இணைப்பும் கொடுத்தாள். என்ன செய்திருக்கிறேன், எந்த விதியின்படி செய்திருக்கிறேன் என்று பதிப்பகத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினாள். வியாழக்கிழமை மதியம் இரண்டே வரியில் பதில் வந்தது. இந்தப் பிரதிகள் குறித்து எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றது.

வெள்ளிக்கிழமை மன்றம் கூடியது. அங்கே பவுலின் உப்புக்குச் சப்பாணி. மூலையில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவாள், அவ்வளவுதான். கோவிந்தப்பா பதிலைப் படித்தார், நல்லது என்றார். ஆனாலும் அலமாரியை மூடிவிடுவதே உத்தமம் என்றார். எதற்கு வம்பு, வேண்டியவர்கள் இதழின் தளத்திலேயே படித்துக்கொள்ளட்டுமே, எல்லாம்தான் திறக்கிறதே என்றார். சுற்றிலும் தலைகள் ஆடின.

பவுலின் எழுந்து நின்றாள். முப்பத்தொரு வருடத்தில் அந்த அறையில் அவள் நின்று பேசியதில்லை.

"சார், ஒரே ஒரு நிமிஷம். உங்க போன்ல காலேஜ் வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, உங்க பேப்பரை நீங்களே தெறந்து பாருங்க."

விளையாட்டாகத்தான் கோவிந்தப்பா போனை எடுத்தார். தேடினார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மேசையைச் சுற்றியிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போனை எடுத்தார்கள். பதினேழு பேர், பதினேழு பூட்டு. தங்களுடைய சொந்த வீட்டுக்குள் நுழைய டிக்கெட் கேட்கிறார்கள் என்று இயற்பியல்காரர் முணுமுணுத்தார். அவர் இப்போது நகைக்கடை பற்றி எதுவும் பேசவில்லை.

"தப்பு என்னுதுதான் சார்," என்றாள் பவுலின். "அச்சுப் பக்கம் அவங்களுது, எடுத்துட்டேன். ஆனா ஆராய்ச்சி நம்மளுது. நாம காம்பவுண்டுக்கு உள்ளயே இருக்கறதால பூட்டு இருக்கறதே நமக்குத் தெரியல. வெளிய இருக்கறவங்களுக்கு நம்ம அலமாரி ஒண்ணுதான் சார் தெறந்திருக்குது. அதையும் மூடாதீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்து பேனாவைப் பிடித்துக்கொண்டாள். கோவிந்தப்பா போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்த அச்சுப் பைலைப் போடச் சொன்னது நான்தான்," என்றார். "குறிப்புல அப்படியே எழுதிக்குங்க, பவுலின்."

அப்படியே எழுதினாள். அதற்கு அடுத்த வரியில் தீர்மானத்தையும் எழுதினாள். அலமாரி மூடப்படாது. இனிமேல் கட்டுரை ஏற்கப்பட்ட வாரமே கைப்பிரதி நூலகத்துக்கு வந்துவிட வேண்டும். எந்த இதழுக்கு அனுப்புவது, காசில்லாத இதழ் எது, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் முதலில் பவுலினோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

முப்பத்தொன்பதையும் மாலை ஐந்து மணிக்குத் திறந்துவிட்டாள். வெளியே திறக்கிறதா என்று உள்ளே உட்கார்ந்து பார்த்தால் சொல்ல முடியாது என்பதுதான் தெரிந்துவிட்டதே. பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிரே அல்சூர் பஸ் நிறுத்தத்தில் நின்று தன் போனில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதலாவது திறந்தது. பத்தாவது திறந்தது. எதுவும் காசு கேட்கவில்லை. கடைசியாக நாகேஷுடையது திறந்தபோது சிலுவை போட்டுக்கொண்டாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

நிறுத்தத்தில் கூடை வைத்துப் பூ விற்கும் லட்சுமம்மா இதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் நல்ல சேதியா என்று விசாரித்தாள். பவுலின் போனைக் காட்டி, இது மல்லிகைப் பூவைப் பற்றி நாகேஷ் என்று ஒருவன் எழுதினது என்றாள். லட்சுமம்மா நெற்றியைச் சுருக்கினாள்.

"ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு? எங்கிட்டதானே மொக்கு வாங்கினான். மூணு மாசம், தெனம். எதுக்குடான்னு கேட்டா, ஆராய்ச்சிம்மா, முடிஞ்சதும் சொல்றேன்னான். அப்புறம் ஆளையே காணோம். என்ன கண்ணு எழுதியிருக்கான்?"

பவுலின் அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தாள். பிளாஸ்டிக் பையில் வைத்த மொக்கு பத்தொன்பது மணி நேரத்தில் வாடுகிறது. ஈரத்துணியில் சுற்றி மண்சட்டியில் மூடி வைத்தால், கோடையிலேகூட முப்பத்தொரு மணி நேரம் தாங்குகிறது. லட்சுமம்மா தன் கூடைக்குள் இருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"அப்படின்னா மறுநாள் சாயங்காலம் வரைக்கும் விக்கலாம். எப்ப எழுதினான் இதை?"

"ஆறு வருஷம் ஆச்சும்மா."

"ஆறு வருஷமா? எங்கே வச்சிருந்தீங்க இத்தனை நாளா?"

லட்சுமம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கம் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தவளையும், அவளுக்கு அடுத்து சாமந்தி வைத்திருந்தவளையும் கையைத் தட்டிக் கூப்பிட்டாள்.

"மொதல்லருந்து படி கண்ணு. இவங்களும் கேக்கட்டும்."

பவுலின் மாலையில் வீட்டுக்கு ஏறுகிற பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஒரு தரம் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். அவள் ஏறவில்லை. லட்சுமம்மா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்த பலகையில் உட்கார்ந்து, தலைப்பிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.